எடைச்சீட்டின் பின்பக்கம்

கோல கெட்டிலில் மழை
மூன்று மணிக்கு வந்தால் ஐந்துக்குத்தான் போகும்.
அதுவரை லாரிகள் வரா.
எடைமேடைக் கூண்டில் நானும்
ஓடாத காற்றாடியும்
ரப்பர் வளையம் போட்ட சீட்டுக் கட்டுகளும்.

சீட்டின் பின்பக்கம் வெறுமை.
அதில் பதினோரு நாளாய்
ஒரு செம்பனைக் குலையை வரையப் பார்க்கிறேன்.
முள்ளை முள்ளாய்ப் போடுகிறேன்,
பழத்தைப் பழமாய் எண்ணுகிறேன்.
கையெழுத்துப் போட வந்த ரொஸ்லி
எட்டிப் பார்த்துவிட்டு "நானாஸ்?" என்கிறார்.
நேற்று அன்னாசி. முந்தாநாள் முள்ளம்பன்றி.
தினம் நானூறு டன் குலை
என் கண்ணெதிரே நின்று, எடை சொல்லி, ஆலைக்குள் போகிறது.
ஒன்றுகூடத் தாளில் இறங்கமாட்டேன் என்கிறது.

சாலைக்கு அந்தப்பக்கம்
லியோங்கின் டயர் கடைக்குப் பின்னால்
தகரக் கொட்டகையில் உறுமிக் குழுப் பையன்கள்.
திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்.
வலப்பக்கம் அடி; அது ஊருக்கே கேட்கும்.
இடப்பக்கம் வளைந்த குச்சி
தோலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகிறது.
அங்கிருந்துதான் அந்த முனகல்,
பாரத்தோடு மேடேறும் லாரி
கியர் மாற்றாமல் முக்குவதைப் போல,
வாய்வரை வந்ததை
விழுங்கிக்கொண்ட ஒருத்தியைப் போல.

பென்சிலைக் கீழே வைத்தேன்.

குப்பைக் கூடையில் பழைய கார்பன் தாள் கிடந்தது.
அதைச் சீட்டின்மேல் கவிழ்த்து,
கட்டைவிரல் நகத்தால்
அந்தக் குச்சி போகும் வேகத்தில் தேய்த்தேன்.
அவன் இழுத்தால் இழுத்தேன்.
அவன் நிறுத்தினால்
மழையை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

உரித்துப் பார்த்தேன்.
முதலில் இருட்டு வந்திருந்தது.
இருட்டுக்குள்ளே கனமாய், ஈரமாய்,
அப்போதுதான் உருண்டு விழுந்தாற்போல
ஒரு குலை.
முள் ஒன்றுகூட நான் போடவில்லை,
குத்தியது.

மழை விடுமுன்பே சாலையைக் கடந்தேன்.
வாசித்தவன் தீனதயாளன், லியோங்கிடம் டயர் கழற்றுகிறவன்.
"அந்த இடப்பக்கச் சத்தம்
எப்படிக் கொண்டாந்தே?"
முகம் சுருங்கிப்போனது அவனுக்கு.
"கேட்டுருச்சாக்கா? கூரை ஒழுகித் தோலு நனைஞ்சுபோச்சு.
நாளைக்குள்ள காய வச்சுச் சரி பண்ணிர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.
ஒன்பது நாளில் திருவிழா வைத்திருப்பவனிடம்
அதை எப்படிச் சொல்வது?

சரி பண்ணிவிட்டான்.
இப்போது உறுமி சுத்தமாய் உறுமுகிறது.
கோயில் தலைவருக்குப் பரம திருப்தி.

சீட்டு என்னிடம் இருக்கிறது.
முன்பக்கம்: நிகர எடை ஒன்பது டன் நாற்பது கிலோ.
பின்பக்கம் எடை போடவில்லை.
மூன்றாம் நகல் எங்கே என்று கணக்கர் கேட்டால்
மழையில் நனைந்தது என்பேன்,
பாதி உண்மைதான்.

நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை.
இரவு அதோடுதான்
சோறு பிசைந்தேன்.