பாதை நிற்கும்

அவருடைய கன்னியுரையை எழுதியவள் நான்தான்,
செங்கோலுக்கு முன்னால்
ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆள் மாறும் மேசையில்.
"கச்சான் அடித்தால் எங்கள் பாதை நிற்கும்" என்றார்
மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர்
சின்னாப்போடி குஞ்சித்தம்பி.
நான் வெள்ளவத்தையில் வளர்ந்தவள்.
கச்சான் என்றால் எனக்குக் காலிமுகத்திடலில்
காகிதச் சுருளில் விற்பது.
பாதை என்றால் தார் போட்டது.
"பலத்த காற்றினால் பாதையில் போக்குவரத்துத் தடைப்படும்"
என்று ஒழுங்காக்கி அனுப்பினேன்.

மறுநாள் அச்சுப்படியோடு வந்தார், சிவப்புப் பேனையோடு.
"புள்ள, போக்குவரத்தில்ல, பாதைதான் நிக்கும்.
எங்கட பக்கம் பாதையெண்டா மிதக்கிறது.
குருமண்வெளியில ஏறி மண்டூரில இறங்கிற பலகைத் தட்டு.
நெல்லு மூட்டையும் அதில,
கிளினிக்குக்கு வாற புள்ளத்தாச்சியும் அதில."
திருத்தினேன்.
காற்றுக்கு அடிக்குறிப்பும் போட்டேன்.

பதினொரு வருடம் அந்தக் குரல் என் விரலில் இருந்தது.
பாலம் கேட்டார்.
வரவு செலவுத் திட்டத்தில் கேட்டார், மீன்பிடி விவாதத்தில் கேட்டார்,
ஒருமுறை தேயிலை வரிச் சட்டமூலத்திலும் கேட்டார்.
சபாநாயகர்: "கௌரவ உறுப்பினரே, விடயத்துக்கு வாருங்கள்."
"விடயத்திலதான் நிக்கிறன். மறுகா எங்க போக?"
சிரிப்பு என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன்.
ஆசிரியர் வெட்டிவிட்டார்.

பிறகொரு டிசம்பர்.
எதிர்வரிசையிலிருந்து ஆளும் வரிசைக்கு
பதினாறு அடி இருக்கும், கம்பளத்தில் காலடி கேட்காது.
பேசியதைத்தான் ஹன்சாட் எழுதும், நடந்ததை அல்ல.
அவர் பேசவில்லை.
வாக்களிப்புப் பட்டியலில்
"ஆம்" பக்கம் பெயர் இருந்தது.
ஊரில் கொடும்பாவி எரித்தார்களாம்.
எரித்தவர்களே அடுத்த தையில்
அடிக்கல் விழாவுக்குப் பந்தலும் போட்டார்களாம்.

பிரதியமைச்சராக அவர் எழுந்த ஒரு வினா நேரத்தில்
எதிர்க்கட்சிப் பெடியன் ஒருவன் கேட்டான்:
கச்சான் அடித்தால் மண்டூர்ப் பாதை நிற்பதை
அமைச்சர் அறிவாரா?
கையில் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாள்.
"ஆம். பரிசீலனையில் உள்ளது."
தாளைத் தாழ்த்தி எங்கள் மேசையைப் பார்த்தார்.
என் பென்சில் முனை முறிந்தது என்று சொன்னால் பொய்.
ஒரு சொல் விடாமல் எழுதினேன்.

அடுத்த தேர்தலில்
நானூற்றுப் பன்னிரண்டு விருப்பு வாக்கால் போனார்.
அதற்கடுத்ததில் கட்டுப்பணமும் போனது.
கடைசிக் காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு
இன்னும் சிபாரிசுக் கடிதம் கொடுத்தாராம்,
காலாவதியான கடிதத் தலைப்பில்,
அதிலொன்றுக்கு வேலையும் கிடைத்ததாம்.

ஆடி மாதம், காலை பத்து மணி,
குருமண்வெளித் துறையில் நிற்கிறேன்.
உடல் நேற்றே பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போய்விட்டது.
பிரேத வண்டியைப் பாதை தாங்காது என்று சொன்னார்களாம்.
அடிக்கல் இருக்கிறது.
மூன்று மொழியில் அவர் பெயர், சிங்களத்தில் ஓரெழுத்துப் பிழை.
அதன் கழுத்தில்தான்
பாதையின் கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார்கள்.
உரசி உரசித் தேதி போய்விட்டது.

கயிற்றுக்காரன் கேட்டான்: "அவர்ர சொந்தமா அக்கா?"
"இல்லை. அவர் சொன்னதை எழுதினவள்."
"அப்ப நீங்கதானா பாலம் வரும் எண்டு எழுதினது?"
கச்சான் சுருளை நீட்டினான். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அக்கரையில் வெடி கேட்டது. எடுக்கிறார்கள்போல.
வாவி முழுக்க வெள்ளை வெள்ளையாய்ச் சுருள்கிறது.
அவன் கயிற்றைக் கல்லில் இன்னொரு சுற்றுச் சுற்றினான்.
"காத்து ஏறிட்டு. பாதை நிக்கும்.
பின்னேரம்
மறுகாப் பார்ப்பம்."