நாற்பத்தொரு ரபிலால்

மேட்டூரில் பன்னிரண்டாயிரம் கனஅடி திறந்தால்
எங்கள் கடைமடைக்குக்
கணுக்கால் நனைய வரும்.
வதந்தி அப்படியில்லை.
நீடாமங்கலம் ரயிலடியில் இறங்கியவர்கள் இருபத்திரண்டு பேர்.
மன்னார்குடி தாண்டுகையில் இருநூறு,
திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் இரண்டாயிரம்,
முத்துப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது
ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் இரண்டு வாக்காளர் அட்டை.
இதற்கு முறைப்பாசனம் கிடையாது.
தூர்வாரச் சொல்லி யாரும் மறியல் செய்ததில்லை.

இதில் என் பங்கு
பத்துக்கு இருபது அடி.
ஃபிளெக்ஸ் கடை எனது.

ஐப்பசியில் இடைத்தேர்தல்.
ஒன்றியம் காத்தையன் வாட்ஸப்பில் படம் அனுப்பினார்:
வரப்பில் வரிசையாய்
சோற்றுத் தூக்கோடு நடவாட்கள்.
"கூட்டம் பத்தலையே தம்பி, நிரப்பு."
நகலெடுத்தேன், ஒட்டினேன்.
சிவப்புத் துண்டு போட்டிருந்தவன் முகம்
வெளிச்சத்தில் நன்றாக விழுந்திருந்தது.
அவனை மட்டும் நாற்பத்தொரு இடத்தில் நட்டேன்.
காத்தையன் திரைக்குள் குனிந்து பார்த்தார்.
"என்னய்யா, நம்ம மேலத்தெரு ஆளு மாதிரி இருக்கான்.
வடக்கன்னு தெரிய வேணாமா?
கொஞ்சம் வெளுத்து விடு."
முப்பது புள்ளி வெளுத்தேன்.
வேட்பாளர் தெட்சிணாமூர்த்தியை
ஏற்கெனவே நாற்பது வெளுத்தாயிற்று.
'உன் வாக்கைப் பறிக்க வருகிறான்'
என்பதில் ஒற்று மிகுமா என்று மட்டும் கேட்டேன்.
மிகும் என்றார்.
பொய்யிலும் சந்திப்பிழை பொறுக்காத தமிழ் அவருடையது.

மறுநாள் எதிரணி வந்தது.
அதே படம் வேண்டும், சீக்கிரம்.
'அண்ணன் பின்னால் அலைகடலெனத் திரண்ட நம் மக்கள்.'
துண்டை அவர்கள் கொடிநிறத்துக்கு மாற்றினேன்.
முகங்களைத் திரும்பக் கறுக்கச் சொன்னார்கள்.
முப்பது புள்ளி.
இரண்டு பதாகையும் பேருந்து நிலையத்தில்
எதிரும் புதிருமாக நின்றன.
ரபிலால் மாண்டி
ஒருபக்கம் வந்தேறி, ஒருபக்கம் வாக்காளப் பெருமக்கள்.

பெயர் எனக்குத் தெரிந்தது
அவன் ஆதார் நகலெடுக்க வந்தபோதுதான்.
புருலியா மாவட்டம்.
கீழே நின்று விரல்விட்டு எண்ணினான்.
"அண்ணா, நான் நாப்பத்தொண்ணு."
கொஞ்ச நேரம் கழித்து,
"கூலி ஒண்ணுதான்."
யார் வயலில் நடவு என்று கேட்டேன்.
கோரையாற்றங்கரை, எட்டு ஏக்கர்,
வெள்ளை வேட்டி முதலாளி என்று சொல்லி
காத்தையன் பதாகையைக் கைகாட்டினான்.
வாக்குப்பதிவுக்கு முன்னால் முடித்தாக வேண்டுமாம்.

சாவடி அலுவலர் பிரமிளா டீச்சர்
பட்டியலைப் பார்த்து ஒரு தாளில் எழுதினார்:
புதிதாய்ச் சேர்ந்தவர் பதினொருவர்.
வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள்கள் ஒன்பது,
பதினெட்டு முடிந்த பிள்ளைகள் இரண்டு.
ரேஷன் கடைக் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்.
சாயங்காலம் ஆடு தின்றது.
உண்மையை முழுதாய்
உள்வாங்கிய ஒரே உயிர்.

பாலத்தடியில் நாலு பையன்கள்
அவர்களை மறித்து வாக்காளர் அட்டை கேட்டார்கள்.
இல்லை என்றதற்கு ஓர் அடி.
இருந்திருந்தால் இரண்டு.
அன்றிரவே எட்டுப் பேர் ரயிலேறினார்கள்.
ரபிலால் அதில் உண்டா என்று
நான் விசாரிக்கவில்லை.
அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

யார் வென்றார் என்பது பழைய சேதி.
முடிவு வந்த அன்று மழை பிடித்தது.
கொள்முதல் நிலைய வாசலில்
குறுவை நெல் பன்னிரண்டு நாளாய்க் குவிந்து கிடந்தது.
அந்த நாலு பையன்களில் ஒருவன் ஓடி வந்தான்,
"அண்ணே, பழைய ஃபிளெக்ஸ் இருந்தா குடுங்க."
இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன்.
வெளுத்ததை அடியில், கறுத்ததை மேலே போட்டு
நாலு மூலைக்கும் செங்கல் வைத்தான்.
ராத்திரி முழுக்க
ரபிலால் மேல் பெய்தது.

காலையில் பதாகையை விலக்கி
ஒரு கைப்பிடி அள்ளி
ஈரப்பதக் கருவியில் போட்டார்கள்.
பதினேழுக்கு மேல் எடுக்கமாட்டார்கள்.
பையன் என் முகத்தைப் பார்த்தான்.
இருபத்திரண்டு.

நான் பெருக்காத எண்.