ஞாயிறு வகுப்பு, மூக்கண்டப்பள்ளி

கம்பெனி கொடுத்த தாளில் நாற்பது வார்த்தைகள்:
சரி, வரேன், முடிச்சிட்டேன், மன்னிச்சிடுங்க சார்.
"கலந்து பழகணும் மேடம்,
நம்ம ஆளுங்க மாதிரியே ஆயிடணும்"
என்றார் எச்.ஆர்.
தலையாட்டினேன். ஞாயிறுக்கு ஐந்நூறு ரூபாய்.

நம்ம ஆளுங்க.
என் வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம்,
கோபம் வந்தால் மட்டும் தமிழ் சரளம்.
ஓசூரில் 'நம்ம' என்பது ராயக்கோட்டைத் தக்காளிக் கூடை.
மேலே இருப்பதைப் பார்த்து
விலை சொல்லிவிட முடியாது.

தகரக் கொட்டகைக்குப் பதினோரு பேர் வந்தார்கள்
நைட் ஷிப்ட் கண்களோடு.
தாளில் இல்லாததை ஒருநாள் பலகையில் எழுதினேன்:
கேட்கிறவரையும் சேர்த்தால் நாம்,
விட்டுவிட்டால் நாங்கள்.
பீகார்ப் பையன்கள் விழித்தார்கள்,
அவர்களுக்கு இரண்டும் 'ஹம்'தான்.
கடைசி வரிசையில் சோமாய் ஹெம்ப்ரம் சிரித்தான்.
"எங்க சந்தாலியில இருக்கு மேடம்.
அபோ. அலே."
மயூர்பஞ்சிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தவன்
இந்த வித்தியாசத்தைப்
பையில் வைத்தே கொண்டு வந்திருக்கிறான்.

ஆடியில் பிரஸ் மிஷின்
அவன் வலது சுட்டுவிரலை எடுத்துக்கொண்டது.
சென்சார் வேலை செய்யாதது எல்லோருக்கும் தெரியும்,
நம்ம ஆளுங்களுக்கும்.
கான்ட்ராக்டர் முனிவெங்கடப்பா
ஒரு வெள்ளைத்தாளும் பத்தாயிரமும் கொண்டுவந்தார்.
"நாம ஒரே குடும்பம் தம்பி.
கேஸு, ஈ.எஸ்.ஐ.ன்னு எதுக்கு?
ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தான் சோமாய்.
(அவன் மொழியில் விரலுக்குப் பெயரே கட்டுப்.
அன்றுதான் சொன்னான்.)
பிறகு, நான் திருத்த ஏதுமில்லாத தமிழில்:
"நாம இல்ல சார். நாங்க."

அடுத்த வாரம் வகுப்பு நின்றது.
தாளைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்துவிட்டேன்.
பலகையை யாரும் கேட்கவில்லை.

ஈ.எஸ்.ஐ. ஆபீஸ் பெஞ்சு. டோக்கன் அறுபத்திரண்டு.
படிவத்தில் இடக்கையால் அவன் போட்டது
அவன் எழுத்து, வட்டமும் கொக்கியுமாக.
"இவ்ளோ நல்லா பேசுறே,
தமிழ்ல போடத் தெரியாதா?" என்கிறார் கிளார்க்.
"தெரியும் சார். இது என் பேரு."

கிளார்க் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்க்கிறார்.
"நீங்க யாரும்மா இவருக்கு?"

"நாங்க..." என்று ஆரம்பிக்கிறேன்.
வாக்கியம் அங்கேயே நிற்கிறது.
பின்னால் யாரோ எழுந்திருக்கிறார்கள்,
அறுபத்து மூன்று.