நெரிஞ்சிப்பேட்டைத் துறை, காலை ஆறே கால்

ஆயுத பூசைக்கு மறுநாள்.
படகில் பதினோரு பேர், மூன்று பைக், ஒரு வெள்ளாடு.
லிவரைத் தூக்கிப் பிடித்து
ஆண்டிலைச் சுழற்றுகிறேன்,
வேகம் ஏறியதும் லிவரை விடுகிறேன்.
இருமுகிறது.
அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் வார்த்த என்ஜின் இது.
இருபத்திரண்டு வருசம் எங்கள் கிணற்று மேட்டில்
தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டிருந்தது.
கிணறு பாறையைக் காட்டிய கோடையில்
கழற்றிக்கொண்டு வந்து
படகின் வயிற்றில் போல்ட்டு போட்டோம்,
நானும் மச்சான் சென்னியப்பனும்.
பாதிக்குப் பாதி.

நாங்கள் பேசி ஏழு மாதம்.
ஒரு புரொப்பல்லர் வாங்கிய கணக்கு.
நோட்டில் எண்ணூறு என்று எழுதியிருக்கிறது,
என் கையெழுத்து என்கிறார் அவர்,
அவர் கையெழுத்து என்கிறேன் நான்.
அவர் சுக்கான் பக்கம்.
நான் என்ஜின் பக்கம்.
நடுவில் சனம்.

“ஏனுங், டீசல் ஊத்துனீங்களா இல்லீங்களா?”
ஊற்றினேன்.
வால்வு திறந்துதான் இருக்கிறது.
புகைக்குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன்,
குளவி கூடு கட்டியிருக்கவில்லை.
கம்ப்ரஷன் உண்டு, அதற்கு என் தோள்பட்டை சாட்சி.

சுக்கான் பக்கமிருந்து மச்சான்,
தறிப்பட்டறைக்குப் போகும் பாவாத்தாளிடம்:
“காத்துப் புடிச்சிருக்கும்னு சொல்லு, அந்த ஆளுகிட்ட.”
எனக்கும் அவருக்கும் நடுவே மூன்று முழம்.
பாவாத்தாள் தூக்குப்போசியை மடியில் நகர்த்திவிட்டுச்
சொல்கிறாள்:
“காத்துப் புடிச்சிருக்குதுங்களாமா.”
“தெரியுமுன்னு சொல்லு.”
“தெரியுமுங்களாமா.”
ஆடு இரண்டு பக்கமும் பார்த்தது.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர்.
ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தினால்
நுரை நுரையாய் வருகிறது,
அப்புறம் ஒன்றுமே வரவில்லை.
டேங்கில் அரைக்கு மேல் இருக்கிறது,
குழாயில் இல்லை.
டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்தேன்.
திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம்.
கவனித்தேன்,
ஆனால் கவனிக்கவில்லை.
இப்போது திருகில் நுரையில்லாமல் டீசல் வழிந்தது.
முடுக்கி, ஆண்டில் போட்டேன்.
பிடித்துக்கொண்டது!
ஒரு ஆள் கை தட்டினார்.
மூடியை மூடிவிட்டுக் கையைத் துடைத்தேன்.

கட்டுத்தறி தாண்டி ஐம்பதடி.
டுப் டுப் டுப்…
டுப்…
நின்றது.

கதவணைத் தண்ணீர் எங்களை அவசரமில்லாமல்
சுற்றி வைத்துக்கொண்டது.
மறுபடி திருகு, மறுபடி நுரை,
மறுபடி மூடியைத் திறந்தால் அந்த ‘ஸ்ஸ்’.
மறுபடி பிடித்தது, மூடினேன், மறுபடி செத்தது.
மூன்றாவது தடவை மச்சான் சுக்கானை விட்டு எழுந்து
ஆட்டைத் தாண்டி வந்தார்.
மூடியை என் கையிலிருந்து வாங்கித்
திருப்பிப் பார்த்தார்.

மூடியின் நடுவே
கடுகு நுழையுமளவு ஒரு துளை உண்டு,
டேங்க் மூச்சு வாங்குவதற்கு.
அதன் மேல்
நேற்று சாயந்திரம் குளித்துவிட்டு வந்து
மனசாரக் குழைத்து
நான் வைத்த சந்தனம்,
சந்தனத்தின் மேல் குங்குமம்.
காய்ந்து சிமென்ட்டாகியிருந்தது.

பாவாத்தாள் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக்
கேட்காமலே நீட்டினாள்.
மஞ்சள் தூளாக உதிர்ந்தது.
ஊதினார். வெளிச்சத்தில் பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
அந்தத் துளை வழியாக என்னையும் பார்த்தாரோ என்னவோ.

“பொட்டு வெக்கறதுக்கு
வேற எடமே கெடைக்கலீங்களா?”

ஏழு மாதத்துக்குப் பிறகு
நடுவில் ஆளில்லாமல் வந்த பேச்சு.
நான் அதற்குள் ஆண்டிலைச் சுழற்றியிருந்தேன்.
என்ஜின் பிடித்துக்கொண்ட சத்தத்தில்
நான் சொன்ன பதில்
அவருக்குக் கேட்டிருக்காது.
“என்னுங்?” என்று காதருகே கை வைத்தார்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அக்கரையில் பூலாம்பட்டி படித்துறை
பைக்குகளோடு காத்திருந்தது.
இறங்கும்போது பாவாத்தாள்
ஊக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
எண்ணூறு ரூபாய்
இன்னும் நோட்டில்தான் இருக்கிறது.