ஏழாவது பச்சை

ஆறு முறை திரும்பி வந்துவிட்டது அந்தப் பச்சை.
முதலில் மஞ்சள் தூக்கல், அடுத்தது செத்த பச்சை,
கடைசியாக என்ன குறையென்றே எழுதாமல்
ஒரு பெருக்கல் குறி மட்டும்.
டென்மார்க்கில் யாரோ ஒருத்தி
சன்னலோரம் வைத்துப் பார்த்திருப்பாள்
எங்கள் உள்ளங்கையளவுத் துணியை.

சனி ராத்திரி. திருப்பூரே கரண்ட் போய் வந்திருந்தது.
குமரவேல் லோடு ஏற்றிக்கொண்டு
தூத்துக்குடிக்குக் கிளம்பிவிட்டார்.
என் கைப்பையில் ஸ்டெல்லா கொடுத்த பொட்டலம்,
வால்பாறை க்ரீன் டீ.
"சும்மா குடிச்சா உங்களுக்குப் பிடிக்காதுக்கா,
எதுலயாச்சும் போடுங்க."

எதில் போட?
போனஸில் வாங்கிய அவன்
ஆறு மாதமாய்ப் பீரோமேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது.
வந்தது என்பதா வந்தான் என்பதா என்று
வாங்கிய அன்றே வீட்டில் ஒரு தகராறு.
வந்தான் என்றுதான் நான் சொல்வேன்.
திருகினால் சூடாகிறான்,
மணியடித்ததும் அடங்கிவிடுகிறான், வேறென்ன வேண்டும்.

இலையை மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்தேன்,
எத்தனை கழுவியும் மிளகாய்ப்பொடி நெடி போகாத ஜார்.
ரவைச் சல்லடை போதவில்லை.
லேபில் சாயம் வடிகட்டுகிற நைலான் வலையில் ஒரு துண்டு
(புதுசுதான், சத்தியமாக)
இருந்தது, அதில் சலித்தேன்.
ஊத்துக்குளி வெண்ணெயில் வெள்ளைச் சாக்லேட் கரைந்தது.
முட்டை உடைத்தாயிற்று.
அப்புறம்தான் பார்க்கிறேன், சீனி இல்லை.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறக்கும்போதே
கண் சொல்லிவிட்டது:
இந்தப் பழுப்பு விழுந்தால் பச்சை சாகும்.
தெரிந்தேதான் போட்டேன்.
புள்ளி பூஜ்யம் ரெண்டு சதவீதம் என்று
பதினோரு வருசமாய்ச் சாயம் அளந்த கை
ஒரு கரண்டி, இன்னொரு அரைக் கரண்டி,
அட போ, ஒரு குத்து என்றது.

கண்ணாடி முன்னால் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஓரம் முதலில் கறுத்தது.
மேலே மெல்லிசாய் ஒரு தோல் கட்டி
நடுவில் கொஞ்சம் விரிசல் விட்டது.
பக்கத்து வீட்டு வசந்தாமணி அக்கா சன்னலில் எட்டி,
"ஏங் கண்ணு, வைக்கப்போராட்ட வாசம் வருது, என்ன பண்றே?"
"பிரவுனிங்க்கா."
"பிரவுனுன்னாப் பழுப்புதான? இதென்ன பச்சையா இருக்குது?"
பதில் வரவில்லை எனக்கு. ஒரு துண்டு தருவதாகச் சொன்னேன்.

ஆறட்டும் என்று விட்டு
கத்தியைத் துடைத்துத் துடைத்துப் பதினாறாய் வெட்டினேன்.
வெட்டிய முகத்தில் இருந்தது.
மஞ்சள் தூக்காமல், சாகாமல்,
ஏழாவது.

ஷிப்மெண்ட் மாதத்தில் எங்களுக்கு ஞாயிறு கிடையாது.
ஒரு துண்டை பட்டர் பேப்பரில் மடித்துக்
காலை முதல் வேலையாய் லைட் பெட்டிக்குள் வைத்தேன்.
பகல் வெளிச்சத்தில், சரி.
கடை டியூப்லைட்டில் லேசாய் நீலம் அடிக்கிறது, விடலாம்.
மஞ்சள் பல்பைப் போடுவதற்குள்
ஸ்டெல்லா கைவிட்டு எடுத்துக் கடித்துவிட்டாள்.

"அடியே, அது ஸ்டாண்டர்டு!"

மென்றாள். முகம் சுருங்கி, மெதுவாக விரிந்தது.
"கசக்குதுக்கா."
இன்னொரு கடி.
"எங்கம்மா முப்பது வருசம் இதத்தான் பறிச்சுது.
ஒரு வாய் குடிச்சதில்ல. வீட்டுக்கு டஸ்ட் டீதான்."
வீட்டில் குமரவேல் போடுகிற டி-ஷர்ட்டெல்லாம்
கழுத்துத் தையல் கோணியவை. அதை நான் சொல்லவில்லை.
"மிச்சம் எத்தன இருக்குதுக்கா?"
"பதினாலு."
"அம்மாவுக்கு நாலு வேணும்."

அவள் விரலைச் சப்பிக்கொண்டே பீக்கர் கழுவப் போனாள்.
பெட்டிக்குள் மூன்று துணுக்கு கிடந்தன.
மஞ்சள் பல்பைப் போட்டேன்.
எங்கிருந்தோ ஓர் எறும்பு வந்து
நிறமே பார்க்காமல்
பெரிய துணுக்கைத் தூக்கிக்கொண்டு போனது.