மூன்றாம் ஷிப்டில் விவாதம்

சாகினாவில் இரவு ஒன்பது.
எட்டு நாற்காலி, எட்டு டயாலிசிஸ் இயந்திரம்,
கூரையில் தொங்கும் ஒரே டிவி.
சத்தத்தை அணைத்து வைப்பது இங்கே விதி.
அதன் பேச்சில்
அலாரம் காதில் விழாமல் போய்விடக் கூடாது.

திரையில் இரண்டு மேசை.
செனட்டர். முன்னாள் ஆளுநர்.
நாட்டை யாரிடம் கொடுப்பது என்று
தொண்ணூறு நிமிடம்.
வாய் முன்னே ஓடுகிறது,
அடியில் எழுத்து
ஆறேழு நொடி பின்தங்கி வருகிறது.
செனட்டர் பல் தெரியச் சிரிக்கும்போது
"உயிரிழந்த நம் வீரர்கள்" என்று எழுதிக் காட்டுகிறது.
ஆளுநர் சொன்ன ஜோக்கோ
அவர் கண் துடைக்கும் நேரத்தில் வருகிறது.

இரண்டாம் நாற்காலி டெல்ஃபீன் ஓக்ஸ்,
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்.
"பின்சீட்டில் எவன் அடித்தான்,
எவன் அடிவாங்கினான்,
கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்.
கேட்க வேண்டியதில்லை."
இருவரையும் அதே கண்ணால்தான் பார்க்கிறார்.
இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஐந்தில் ஹதாத்.
பெட்ரோல் பங்கை விற்ற பிறகும்
வரி என்ற சொல் வந்தால் மட்டும் கண் திறப்பார்.

ஆறாம் நாற்காலி எர்ல் விட்கம்
காகிதத் துண்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.
பொய்க் கணக்கா, என்று கேட்டேன்.
"தண்ணிக் கணக்கு" என்றார்.
"அந்த ஆள் அஞ்சு மிடறு. அந்தம்மா ரெண்டு."

அதன்பின் எட்டுப் பேரும்
அதைத்தான் பார்த்தார்கள்.
நாளுக்கு ஒரு லிட்டருக்குள் வாழ்கிறவர்கள்.
சூப்பு கணக்கு, தர்பூசணி கணக்கு,
மாத்திரைக்கு விழுங்கும் வாய் நீரும் கணக்கு.
ஒற்றை ஐஸ்கட்டியை நாக்கடியில் ஒதுக்கி
ஒரு குறுக்கெழுத்துப் புதிரையே முடிப்பார்கள்.
அவர்கள் முன்னால் ஒருவர்
டம்ளரைப் பாதி காலிசெய்து
மீதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வைக்கிறார்.

இன்சுலின் விலை பற்றிய கேள்வி வந்தது.
செனட்டர் டம்ளரை எடுத்தார்.
ஆறு நொடி, ஏழு நொடி, பத்து நொடி.
எழுத்து வந்தது,
எல்லைச் சுவரைப் பற்றி.

எங்கள் மொழியில் இதற்குப் பெயர் உண்டு:
தண்ணி காட்டுவது.
டெல்ஃபீனுக்கு விளக்கப் பார்த்தேன்.
"தண்ணியைக் காட்டினால் நல்லதுதானே, பூ?"
என் பெயர் பூங்கோதை.
அவர் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்.

"பயந்திருக்கான், வாய் உலருது" என்றான்
நான்காம் நாற்காலி ரமிரோ. இருபத்துமூன்று வயது.
"பயப்படுறவனை நம்பலாம்.
அந்தம்மா டம்ளரைத் தூக்கி
குடிக்காம வெச்சாங்க பாரு, அதுதான் நடிப்பு."
எர்ல் பென்சிலை நிறுத்தி யோசித்தார்.
அதற்குக் கோடு போடுவதா வேண்டாமா?
பாதிக் கோடு போட்டார்.

நான் மட்டும் நியாயமாகப் பார்த்தேனா?
மார்ச்சில் டெட்ராய்ட்டில் உறுதிமொழி எடுத்தவள்,
முதல் ஓட்டு,
தபால் சீட்டு ஃபிரிட்ஜில் காந்தத்தின் கீழ் இருக்கிறது.
வெளியுறவுக் கொள்கை ஓடும்போது
ஆளுநரின் குதிகால் செருப்பையே பார்த்திருந்தேன்.
எடையை வலக்காலுக்கு மாற்றினார்,
பிறகு இடக்காலுக்கு.
பன்னிரண்டு மணிநேரம் நிற்கிறவளுக்கு
வேறெது முதலில் கண்ணில் படும்?

விவாதம் முடிந்தது.
கோட் அணிந்த நால்வர்
வென்றது யார் என்று சொல்ல ஆரம்பித்தபோது
ஹதாத் சேனலை மாற்றச் சொன்னார்.

பதினொன்றரைக்கு எர்லுக்கு ஊசி எடுத்தேன்.
பஞ்சை அழுத்திப் பத்து நிமிடம்.
தராசில் ஏற்றினேன்.
இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது.
போன தடவையிலிருந்து குடித்ததையெல்லாம்
அவரிடம் கேட்காமலே சொல்லிவிடும் தராசு.
"ஞாயிற்றுக்கிழமை பேத்தி பிறந்தநாள்" என்றார்,
யாரும் குற்றம் சாட்டாதபோதே.
பிறகு, கோட்டைப் போட்டபடி,
"அவங்க ரெண்டு பேரையும் இதில் ஒருநாள் ஏத்தணும்."

காகிதத் துண்டை விட்டுப் போயிருந்தார்.
ஒரு பக்கம் ஒன்பது கோடு,
மறுபக்கம் மூன்றரை.
குப்பையில் போடப் போனவள்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பார்க்கிங்கில் காரைத் திறந்து
இருக்கையில் உருண்டு கிடந்த பாட்டிலை
நின்றபடியே
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.
எத்தனை மிடறு என்று
யாரும் எண்ணவில்லை.