எலியல்லாத எலி

மார்ச் மூன்றாம் சனி. ஸிங்கன் நகர்.
தண்டவாளத்தோரத் தோட்டத் துண்டுகளில்
நாற்பத்தொன்று என்னுடையது.
வெந்தயம் தூவக் கீறிய பாத்தியின் நடுவே
ஏழு மண்குவியல்,
சலித்தெடுத்த கோப்பித்தூள் போல ஈரமாய்.

"மவுல்வுர்ஃப்" என்றார் வேலிக்கு அப்பால் ஃபெஸ்லர்
இழவு சொல்லும் குரலில்.
சொல்லைப் பிரித்துப் பார்த்தேன்: வாயால் எறிவது.
பிழை.
அது கையால் எறிகிறது.

கையென்றால் கை.
ஐந்து விரலும் போதாதென்று
மணிக்கட்டில் முளைத்து விரலாகாமல் நின்ற
ஓர் அரிவாள் எலும்பு.
உள்ளங்கை எப்போதும் வெளியே பார்த்திருக்கும்,
'எனக்கொன்றும் தெரியாது' என்று
விரித்துக் காட்டுபவனைப் போல.

என் மொழியிலும் பிழைதான்.
அகழெலி என்றோம், முள்ளெலி என்றோம்,
எலி வம்சத்தோடு கொள்வினை கொடுப்பினை இல்லாதவற்றை.
பெயரளவில் தப்பியது மூஞ்சூறு மட்டும்.
பிள்ளையார் காலடியில் அதையும் எலியாகவே வரைந்தார்கள்.
கொழுக்கட்டையை வெறித்துக்கொண்டிருக்கிறது பாவம்,
அதற்கு வேண்டியது ஒரு வண்டு.

பிரனே மலையோடையில் தும்பிக்கை நீட்டி நீந்தும் ஒருத்தி,
கடலுக்கப்பால் சதுப்பில்
மூக்கு நுனியில் இருபத்திரண்டு கதிர் விரித்து
இருட்டைத் தடவிப் படிக்கும் ஒருத்தி:
கலியாண அட்டை போய்ச் சேராத சொந்தங்கள்.

வார நாட்களில்
ஏரிக்கரை ஆய்வகத்தில் தரை துடைக்கிறேன்.
ஓர் இரவு விளக்கணைக்காத மேசையில்
கட்டைவிரல் நீள மண்டையோடுகள்.
ஜூலை. நவம்பர். ஏப்ரல்.
நவம்பர் சிறியது.

"குட்டியா?" என்றேன்.
"இல்லை, குளிர்" என்றாள் ஸ்வன்த்யெ, கண்ணாடியைக் கழற்றி.
"உறங்கிக் கழிக்கவும் தெரியாது, ஊர் மாறவும் தெரியாது.
சில மணிக்கொருமுறை பசிக்கும்.
அதனால் மண்டையையே சுருக்கிவிடும்,
எலும்போடு, உள்ளிருப்பதோடு,
பத்தில் ஒரு பங்கு."
"பிறகு?"
"வசந்தத்தில் திரும்ப வளரும். கொஞ்சம்."
"கொஞ்சம்தானா?"
"கொஞ்சம்தான்."

வாளித் தண்ணீர் ஆறும்வரை நின்றேன்.
நாலரைக்கு இருட்டிவிடும் என் நவம்பர்கள்:
பஸ்ஸில் ஒரு சொல், கடையில் இரண்டு,
கனவில் தமிழ் வராமல்போன ஒரு முழுக் குளிர்காலம்.
ஏப்ரலில் வந்தது.
எல்லாம் வந்ததா என்று
அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை.

கொல்லச் சட்டம் விடாது இந்த நாட்டில்.
ஆகவே ஃபெஸ்லர்
பியர்ப் போத்தல்களைக் கழுத்துவரை புதைத்தார்,
காற்று ஊதி விரட்டட்டும் என்று.
புளித்த மோர் ஊற்றினார். பூண்டு நட்டார்.
ஷஃப்ஹவுஸன் போகும் சரக்கு ரயிலுக்கே
அசையாதவளிடம்.

அவள் என்றுதான் சொல்கிறேன்.
சூலகத்தோடு ஆண் திசுவும் ஒட்டிய உடம்பு;
எல்லைக்குள் யார் நுழைந்தாலும் அடிதடி.
எலி வளையானாலும் தனி வளை என்ற பழமொழியை
எலியை விட நன்றாய்ப் புரிந்துகொண்டவள்.
எப்பக்கம் தடவினாலும் படியும் மயிர்,
வந்த வழியே பின்னால் ஓட வாகாக.
எங்கோ என் பாத்தியின் அடியில்
தலை மட்டும் கடிபட்ட மண்புழுக்கள்
நூற்றுக்கணக்கில், உயிரோடு,
ஓடாமல் காத்திருக்கின்றன.
அதை நினைத்தால் அவளைக் கும்பிட மனம் வருவதில்லை.

ஞாயிறு, விடிந்தும் விடியாமல்,
மறந்த கையுறையை எடுக்கப் போனேன்.
என் பாத்தியில் குந்தியிருந்தார் ஃபெஸ்லர்.
என் குவியலிலிருந்து
கரண்டி கரண்டியாய்த் தன் வாளிக்குள்.
வாளியருகே தக்காளி நாற்றுச் சட்டி பன்னிரண்டு.

நிமிர்ந்தார்.
மண் அப்பிய இரு கையும் எழுந்தன,
உள்ளங்கை வெளியே பார்க்க.

நான் வாயைத் திறப்பதற்குள்
நடுக்குவியல் ஒருமுறை மேலே தூக்கி இறங்கியது.
இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்,
கொன்ஸ்டன்ஸ் ரயில் கடந்து போகும்வரை.